பணம் கொடுத்தால் விருந்தாளி, இல்லையேல் குற்றவாளி!

ஒரே ஊர். ஒரே கடற்கரை. ஒரே மாதிரி வண்டி. ஒன்றிலே படுத்திருப்பவன் உல்லாசப் பயணி, அவனுக்கு வரவேற்பு! மற்றொன்றிலே படுத்திருப்பவன் சட்டத்தை மீறியவன். அவனுக்கு அபராதச் சீட்டு!

எங்கே இந்த விந்தை என்று கேட்பீர்கள், தோழர்களே! அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்தின் தென்கோடியிலே, பசிபிக் பெருங்கடலின் கரையிலே இருக்கும் சான் டியேகோ நகரிலேதான்.

அந்த நகருக்கு 'மிஷன் பே' என்றொரு பூங்கா உண்டு. நிலமும் நீருமாக நான்காயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. ஒரு காலத்தில் அது சேறும் சதுப்புமாகக் கிடந்த இடம். 1940களில் தொடங்கி, பொதுமக்களின் வரிப்பணத்தைக் கொட்டி, தூர் வாரி, மணல் பரப்பி, புல் வளர்த்துப் பூங்காவாக்கினார்கள். ஆகவே அது மக்கள் சொத்து. சீமானுக்கும் அதில் பங்குண்டு. அவன் வீட்டுத் தோட்டத்தைப் பெருக்குபவனுக்கும் பங்குண்டு.

அந்நாட்டில் 'கேம்பர் வேன்' என்று ஒரு வண்டி. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே. விடுமுறையிலே ஊர் சுற்ற வசதி படைத்தவர்கள் வாங்கும் வண்டி அது. ஆனால், வாடகை கொடுக்க இயலாமல் வீட்டை இழந்தவனுக்கும் கடைசிப் புகலிடம் பழைய வேன்தான். முன்னவனுக்கு அது பொழுதுபோக்கு. பின்னவனுக்கு அதுவே வீடு.

மிஷன் பே பூங்காவின் வடகிழக்கு மூலையில், நகரசபைக்குச் சொந்தமான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 'கேம்ப்லாந்து' என்ற தங்குமிடத்தைத் தனியார் கம்பெனி பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. நாள் வாடகை கட்டினால் வேனை நிறுத்தலாம், உள்ளே படுக்கலாம், அலையோசை கேட்டுக்கொண்டே கண்ணயரலாம். அதே பூங்காவின் பொது வாகன நிறுத்தத்தில், வாடகை கட்ட வழியற்றவன் தன் வேனிலே படுத்தாலோ, கண்ணாடியைத் தட்டுகிறது போலீசின் கைவிளக்கு!

நிலம் யாருடையது? நகரத்துடையது. உறக்கம் என்ன வேறு வேறா? ஒன்றேதான். வேறுபாடு சட்டைப் பையிலே இருக்கிறது!

சட்டத்தின் கதையைப் பாருங்கள். வண்டியை வீடாகப் பயன்படுத்தக்கூடாது என்று 1983லேயே சான் டியேகோவில் சட்டம் செய்தனர். 2017இல், வண்டியில் வாழ்ந்துவந்த மாற்றுத் திறனாளிகள் சிலர் துணிந்து வழக்குத் தொடுத்தனர். எது குற்றம், எது குற்றமல்ல என்பதே விளங்காத சட்டம் என்று கண்ட நீதிபதி 2018இல் அதை நிறுத்திவைத்தார். 2019 பிப்ரவரியில் நகரசபை அதைக் கைவிட்டது. ஆனால் கடற்கரைக் குடியிருப்புகளிலிருந்து கூச்சல் கிளம்பிற்று. அதே ஆண்டு மே மாதம் புதிய சட்டம் பிறந்தது! இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் வண்டிக்குள் வாழக்கூடாது. குடியிருப்புக்கோ பள்ளிக்கோ 500 அடிக்குள் எந்நேரமும் கூடாது என்றது அது. மாலையில் வேலை முடித்துக் களைத்து வருபவனுக்கு இரவு 9 மணிக்குக் கதவடைப்பு!

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் இதே போன்ற 1983ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. வெனிஸ் கடற்கரைப் பகுதியிலே வண்டியில் வாழ்ந்த ஏழைகள்மீது அது பாய்ந்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளியது. வண்டிக்குள் உணவு உண்பவர், உடைமைகளை எடுத்துச் செல்பவர் எவர்மீதும் பாயக்கூடிய இந்தச் சட்டம், நடைமுறையில் வீடற்றவர்கள்மீது மட்டுமே பாய்கிறதே என்று அந்த மன்றமே சுட்டிக்காட்டியது. நாம் சொல்வதும் அதுவேதான்!

"உழைத்தால் வாடகை கட்டலாமே, ஏன் வண்டியில் கிடக்கிறார்கள்?" என்பர் சிலர். கணக்குப் பார்ப்போமா? 2025இல் சான் டியேகோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.25 டாலர். வாரத்துக்கு 40 மணி உழைத்தால் 690 டாலர். மாதத்துக்குச் சராசரி 2,990 டாலர். அந்த நகரிலே வீட்டு வாடகையின் சராசரியோ மாதம் 2,000 டாலரைத் தாண்டிவிட்டது. கூலியில் மூன்றில் இரண்டு பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் சோறும் துணியும் மருந்தும் வரியும்! ஒரு மாதம் நோயில் விழுந்தால் போதும், வீடு போயிற்று. சோம்பலா காரணம்? கணக்கிலே விழுந்த ஓட்டையல்லவா காரணம்?

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். பூங்காவை ஒட்டி வாழ்வோர்க்கும் குறை உண்டு. கழிவுநீரைத் தெருவோரம் ஊற்றுகிறார்கள், குப்பை சேர்கிறது, குழந்தைகளை அழைத்துவர இடமில்லை என்கின்றனர். அவற்றில் உண்மையும் இருக்கிறது. பூங்கா முழுவதும் வண்டிகளே நிறைந்துவிட்டால், மற்றத் தொழிலாளியின் குழந்தை எங்கே விளையாடும்? ஆனால் கழிவுநீருக்குப் பரிகாரம் கழிவறை. குப்பைக்குப் பரிகாரம் தொட்டி. அபராதச் சீட்டு எந்தச் சாக்கடையைச் சுத்தம் செய்தது? ஏழையிடம் இல்லாத பணத்தைக் கேட்டு, கட்டாவிட்டால் வண்டியையும் இழுத்துச் சென்றால், வேனில் படுத்தவன் நடைபாதையில் படுப்பான். வேறென்ன நடக்கும்?

2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் முகாமிட்டு உறங்குவோரைத் தண்டிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமான கொடுந்தண்டனை ஆகாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கூறிவிட்டது. மாறுபட்ட மூவருக்காக எழுதிய நீதிபதி சோட்டோமேயர், உறக்கம் உடலின் தேவை, குற்றமாகாது என்று இடித்துரைத்தார். ஆறு பேர் ஒரு பக்கம் என்பதால் மனிதனுக்குத் தூக்கம் வராமல் போய்விடுமா?

ஆயினும் போராடியவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. அதே 2024இல் சான் டியேகோ வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. பழைய அபராதங்களைக் கைவிடவும், பாதுகாப்பான நிறுத்துமிடம் கிடைக்காதபோது சீட்டு எழுதாதிருக்கவும் நகரசபை ஒப்புக்கொண்டது. 2025இல் விமான நிலையத்துக்கு அருகே, பழைய கடற்படைப் பயிற்சி நிலத்தில், இரவில் வண்டி நிறுத்தி உறங்குவதற்கென்றே ஓர் இடம் திறக்கப்பட்டது. ஏழை கேட்டான், விடாமல் கேட்டான், ஒரு கதவு திறந்தது.

அது போதுமா? போதாது. வண்டி நிறுத்துமிடம் வீடாகிவிடாது. உழைப்பவன் கூலிக்குள் அடங்கும் வாடகையில் வீடு வேண்டும். அது வரும்வரை, கழிவறையும் குடிதண்ணீரும் காவலும் உள்ள நிறுத்துமிடங்கள் வேண்டும். பூங்காவும் பாழாகாது, ஏழையின் உறக்கமும் கெடாது.

கடற்கரை மக்கள் சொத்து என்று பகலெல்லாம் பேசுகிறீர்கள். இரவு 9 மணிக்குமேல் அது யாருடைய சொத்து? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு சட்டம் இயற்றுங்கள்!