நாய் வந்தால் மரமாகு!

ஒண்ணாம் வகுப்புத் தம்பி, தங்கைகள் தெருநாயைப் பார்த்ததும் ஓடுறாங்க. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. அண்ணன்களே, அக்காக்களே! அவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க:

1. ஓடாதே, கத்தாதே. கைகளை உடம்போடு ஒட்டி, மரம் மாதிரி அசையாமல் நில். நாயை முறைத்துப் பார்க்காதே. பெரும்பாலும் அது மோந்து பார்த்துட்டுப் போயிடும்.

2. கீழே விழுந்துட்டா சுருண்டு படு. கைகளால் காதையும் கழுத்தையும் மூடிக்கோ.

3. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகாதே.

4. 'நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பாங்க. கல் கிடைத்தாலும் எறியாதே!

கடித்தாலோ, நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போகணும். தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி என்பது பழைய கதை. இப்போ கையில்தான்!

1885-இல் லூயி பாஸ்டரின் வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஒரு 9 வயதுச் சிறுவனைக் காப்பாற்றியது. ஆனால் நோய் வெளியே தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது. திட்டுக்குப் பயந்து சின்னவங்க கடியை மறைப்பாங்க. அதனால் திட்டாமல் கேளுங்க!