ஊருக்குள் வராத லாரி!

சேலத்தில் சரக்கு ஏற்றிய லாரி கொச்சிக்குப் போக வேண்டும். வழியில் கோவை இருக்கிறது. கோவையில் அந்த லாரிக்கு என்ன வேலை?

ஒரு வேலையும் இல்லை!

ஆனாலும், முன்பெல்லாம் அது ஊருக்குள் வந்துதான் தீர வேண்டும். அவினாசி ரோட்டில் நுழையும். பீளமேடு, லட்சுமி மில், உப்பிலிபாளையம், உக்கடம் என்று ஊரின் நடுவே போகும். பிறகு நொய்யல் ஆற்றின் மேல் உள்ள ஆத்துப்பாலத்தைத் தாண்டும். குனியமுத்தூர் வழியாகப் பாலக்காட்டுப் பாதையைப் பிடிக்கும்.

திருச்சி, சூலூர்ப் பக்கம் இருந்து வரும் லாரிக்கு வழி, சிங்காநல்லூர். பஞ்சாலைகள் நிறைந்த ஊர் அது. மில் சங்கு ஊதினால், தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் புறப்படுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் கேரளா லாரியும் போயிற்று.

மலையில் ஒரு வாசல்

எல்லா லாரிகளும் கோவைக்கே வந்தது ஏன்?

மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரில் ஒரு வாசல் உண்டு. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் சுமார் 30 கிலோ மீட்டர். மலை ஏறாமல் கேரளாவுக்குப் போக இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த வாசலுக்கு முன்னால் இருக்கும் ஊர், கோவை.

முதலில் விலகியது ரயில்

இதில் ஒரு வேடிக்கை. கோவைக்குள் வராமல் முதன்முதலில் ஒதுங்கிப் போனது லாரி அல்ல, ரயில்!

சென்னையில் இருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862-ம் ஆண்டில் முடிந்தது. அது இருகூர், போத்தனூர் என்று தெற்கே ஒதுங்கிப் போயிற்று. சிங்காநல்லூர்ப் பக்கமாகப் போகும் பாதை அதுதான். கோவைக்காரர்கள் ரயில் ஏறப் போத்தனூருக்குப் போக வேண்டி இருந்தது.

1873-ம் ஆண்டில் போத்தனூரில் இருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பாதை போட்டார்கள். அப்போதுதான் கோவைக்கு ரயில் வந்தது.

ரயில் ஒதுங்கிப் போனால் ஊருக்கு வருத்தம். லாரி ஒதுங்கிப் போனால் ஊருக்கு நிம்மதி!

28 கிலோ மீட்டர்

அந்த நிம்மதிக்காகப் போட்டதுதான் கோவை புறவழிச்சாலை.

நீலம்பூரில் அவினாசி ரோட்டை விட்டு, சாலை தெற்கே திரும்புகிறது. சிந்தாமணிப்புதூரில் திருச்சி ரோட்டைக் கடக்கிறது. ஈச்சனாரிப் பக்கம் பொள்ளாச்சி ரோட்டைக் கடக்கிறது. மதுக்கரையில் பழைய பாலக்காட்டு ரோட்டோடு சேர்ந்து விடுகிறது. நீளம் சுமார் 28 கிலோ மீட்டர்.

திருச்சியில் இருந்து பாலக்காட்டுக்குப் போகும் லாரி, சிந்தாமணிப்புதூரிலேயே திரும்பி விடலாம். சிங்காநல்லூருக்கு வரவேண்டியது இல்லை.

சாலையைப் போட்டது லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனி. கம்பெனி பணம் போட்டுச் சாலை அமைக்க வேண்டும். போட்ட பணத்தைச் சுங்கக் கட்டணமாக வசூலித்துக்கொள்ள வேண்டும். இதுதான் ஒப்பந்தம். ஆத்துப்பாலத்தில் இன்னொரு பாலம் கட்டுவதும் அதில் சேர்ந்தது. பாலம் 1998-ம் ஆண்டிலும், சாலை 2000-ம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. மக்கள் இந்தச் சாலைக்கு "எல் அண்ட் டி பைபாஸ்" என்றே பெயர் வைத்து விட்டார்கள்.

குழாய் சிறுத்தது

தொல்லை தீர்ந்ததா? பாதிதான் தீர்ந்தது.

புறவழிச்சாலையை இரண்டு வண்டிகள் எதிர் எதிரே போகும் அளவுக்குத்தான் போட்டிருந்தார்கள். பின்னால், செங்கப்பள்ளியில் இருந்து நீலம்பூர் வரை ஆறு வழிச்சாலை ஆயிற்று. மதுக்கரையில் இருந்து வாளையாறு வரை நான்கு வழிச்சாலை ஆயிற்று. நடுவே உள்ள 28 கிலோ மீட்டர் மட்டும் பல ஆண்டுகள் இரு வழியாகவே கிடந்தது.

பெரிய குழாயில் வந்த தண்ணீர் சின்னக் குழாயில் நுழைந்தால் என்ன ஆகும்? அதே கதைதான்!

நடுவில் தடுப்புச் சுவர் இல்லை. முன்னால் மெதுவாகப் போகும் லாரியை முந்த வேண்டுமானால், எதிரே வரும் வண்டியின் பாதையில் ஏற வேண்டும். கணக்குத் தவறினால் நேருக்கு நேர் மோதல்தான். ஊருக்குள் உயிர்ப்பலி கூடாது என்று போட்ட சாலையிலேயே உயிர்கள் போயின.

சாலையைத் தேடி வந்த ஊர்

இன்னொன்றும் நடந்தது. ஊரை விட்டு விலகிப் போன சாலையைத் தேடி, ஊரே வந்து விட்டது! கடைகள் வந்தன. வீட்டு மனைகள் வந்தன. பிள்ளைகளும் பெரியவர்களும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதாயிற்று.

சிங்காநல்லூரிலும் நெரிசல் குறையவில்லை. மதுரை, தேனிப் பஸ்கள் புறப்படும் பஸ் நிலையம் அங்கே இருக்கிறது. உழவர் சந்தை இருக்கிறது. ஊருக்கே வர வேண்டியவர்களைப் புறவழிச்சாலை என்ன செய்ய முடியும்?

கோவைக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது. லண்டன் நகரைச் சுற்றி 188 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு சாலை போட்டார்கள். 1986-ம் ஆண்டில் முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் அதிலும் வண்டிகள் நிரம்பி வழிந்தன. மறுபடியும் அகலப்படுத்தினார்கள்.

அடுத்தது மேற்கே

கோவைக்கு மேற்கேயும் ஒரு புறவழிச்சாலைக்குத் திட்டம் போட்டார்கள். மதுக்கரை அருகே மைல்கல்லில் தொடங்கி, மேட்டுப்பாளையம் ரோட்டில் நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கிலோ மீட்டர். முதல் பகுதி வேலை 2023-ம் ஆண்டில் தொடங்கியது. கேரளாவில் இருந்து ஊட்டிக்குப் போகும் வண்டிகள் ஊருக்குள் வராமல் இருக்க இது உதவும்.

ஆனால், கிழக்கே கற்ற பாடத்தை மறக்கக் கூடாது. அகலப்படுத்த இடம் விட வேண்டும். மக்கள் கடக்கப் பாலம் வேண்டும். கடைக்கும் சாலைக்கும் நடுவே தனிப் பாதை வேண்டும். இவற்றை முதலிலேயே செய்தால் செலவு குறைவு. பின்னால் செய்தால், பணத்தோடு உயிரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.