பச்சையாக மூன்று வாரம்

சென்ற கோடையில் ஒரு நாள், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளை. பக்கத்து இருக்கைத் தோழி டிபன் பாக்ஸைத் திறந்தாள். தேங்காய்த் துருவல், முளைகட்டிய பாசிப்பயறு, நாலு பேரீச்சை, ஒரு வெள்ளரிப்பிஞ்சு. "ரெண்டு மாசமா இதுதான்க்கா. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு 38 வயது. சோறு தின்றால் மூன்று மணிக்குக் கண் சொக்கும். அவள் முகத்திலிருந்த தெளிச்சி எனக்கும் வேண்டும் போலிருந்தது. என் பங்குக்கு இனி அடுப்பேற்ற வேண்டாம் என்று அன்றிரவே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இந்த ஆசை பழையது

சமைக்காத உணவுக்காரர்கள் பொதுவாக 40 முதல் 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு காட்டியதைத் தொடுவதில்லை. சுவிட்சர்லாந்தில் பிர்ஷர்-பென்னர் என்ற மருத்துவர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தோலோடு துருவிய ஆப்பிளையும் ஊறிய ஓட்ஸையும் கலந்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். இன்று கடையில் விற்கும் மியூஸ்லி அந்த வழி வந்தது. காந்தியடிகளும் 1929-இல் சபர்மதி ஆசிரமத்துத் தோழர்களோடு சமைக்காத தானியமும் பயறும் உண்டு பார்த்தார். நடந்ததைத் தம் யங் இந்தியா இதழில் எழுதினார். சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு கண்டு, அதை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். சோதித்துப் பார்த்ததையும் கைவிட்டதையும் ஒளிக்காமல் சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

"சூடு பட்டால் என்சைம் செத்துவிடும், அதனால்தான் செரிப்பதில்லை" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். என்சைம் ஒரு புரதம். பச்சையாகத் தின்றாலும் இரைப்பை அமிலத்தில் அது பெரும்பாலும் சிதைந்துவிடும். நமக்குச் செரிக்க வைப்பவை நம் உமிழ்நீரும் இரைப்பையும் கணையமும் குடலும் சுரப்பவைதான். பச்சை உணவின் ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. வைட்டமின் சி, போலேட் போன்றவை சூட்டில் அழிந்தும் கொதிநீரோடு வடிந்தும் போகும். பச்சையாக உண்டால் மிஞ்சும். நார்ச்சத்து கூடும். உப்பும் எண்ணெயும் தாமாகவே குறையும்.

முதல் வாரம்

மூன்றாம் நாள் வயிற்று உப்பிசம் தாங்கவில்லை. குடலுக்குப் பழக்கமில்லாத அளவு நார்ச்சத்தைத் திடீரென்று கொட்டினால் அப்படித்தான் ஆகும்; கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருக்க வேண்டும். பிறகு சரியாயிற்று. காலையில் வயிறு சுத்தமாக இறங்கியது, மதியத் தூக்கமும் போயிற்று. பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்தேன். எவ்வளவு மென்றாலும் ஒரு கிண்ணம் வெள்ளரியிலும் கேரட்டிலும் ஒரு தட்டுச் சோற்றின் சக்தி கிடைக்காது. மாவுச்சத்து வெந்து குழைந்தால்தான் நம் குடலுக்கு முழுதாக வசப்படும். எடை குறைந்ததன் காரணம் அவ்வளவுதான்.

ஈரத்துணிக்குள் என்ன வளர்கிறது

இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, பயறு கட்டிய துணியை அவிழ்த்தேன். அரை அங்குலத்துக்கு வெள்ளை வெளேரென்று முளை. அள்ளினால் விரலில் வழவழவென்று ஒட்டியது, லேசாகப் புளித்த வாடை. வெளியே சித்திரை வெயில். அப்படியே குப்பையில் கொட்டினேன்.

பயறு முளைக்க வேண்டிய ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் அதே அளவு பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு ஈ-கோலை கிருமி பரவி, ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. தேடிப் பார்த்ததில் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. ஆரோக்கியத்துக்காகச் சாலட்டில் தூவிச் சாப்பிட்டவர்கள் அவர்கள். முளையை மேலே கழுவினால் மட்டும் போதாது. கிருமி விதையின் விரிசலுக்குள்ளேயே இருக்கக்கூடும். அதனால் காய்ச்சி ஆறிய நீரில் ஊறவைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை அலசி, முளை எட்டிப்பார்த்ததும் பிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கர்ப்பிணி, குழந்தை, முதியவர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இருக்கும் வீட்டில் நன்றாக ஆவியில் வேகவைத்தே கொடுங்கள். சத்து கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

முட்டைக்கோசும் கொத்தமல்லியும் இன்னொரு கவலை. மனிதக் கழிவு கலந்த நீர் பாய்ந்த தோட்டத்துக் கீரையில் நாடாப்புழு முட்டை ஒட்டியிருக்கலாம். அது உடலுக்குள் போய் மூளையில் தங்கினால் வலிப்பு வரும். உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் முக்கினால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். கோசின் மேலிதழ்களை எறிந்துவிட்டு, ஒவ்வொரு இதழாக ஓடும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். சந்தேகமிருந்தால் வேகவைத்துவிடுங்கள்.

அடுப்புக்கே போக வேண்டியவை

ராஜ்மாவைப் பச்சையாக நாலைந்து தின்றாலே கடும் வாந்தி வரலாம். ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, நன்கு கொதிக்க வேகவைத்தால்தான் அதிலுள்ள நச்சு அடங்கும். மரவள்ளிக்கிழங்கு பச்சையாக ஆகவே ஆகாது, சயனைடு இருக்கிறது. தக்காளியின் லைகோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் வெந்து, சிறிது எண்ணெயோடு சேரும்போது இன்னும் நன்றாக உடம்பில் ஒட்டும்.

காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு துண்டை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூர எறியுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு. 2010-இல் தில்லியில் கசந்த சாற்றைக் குடித்த ஒருவர் உயிரிழந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதையேதான் எச்சரித்தது. கேரளத்தில், கொழுப்பு குறையுமென்று பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கெட்டியாகக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் ஆக்சலேட் அதிகம். பச்சைப் பாலக்கைத் தினமும் கட்டுக்கட்டாக அடித்துக் குடிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நாள் தள்ளிப்போனது

மூன்றாம் வார முடிவில் மாதவிடாய் வரவில்லை. பன்னிரண்டு நாள் தள்ளிப்போனபின் மருத்துவரிடம் போனேன். கீழ் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 10.1. "மூணு வாரத்துல இவ்வளவு இறங்காதும்மா. ஏற்கெனவே குறைவா இருந்த உடம்பு, அதுல பட்டினியும் போட்டிருக்கீங்க" என்றார். ஜெர்மனியில் நீண்ட காலம் பச்சை உணவே உண்டவர்களை ஆராய்ந்து 1999-இல் வெளியான கட்டுரையில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு மாதவிடாய் ஒழுங்கற்றோ முற்றிலும் நின்றோ போயிருந்ததாகப் பின்னால் படித்தேன். போதிய சக்தி வரவில்லை என்றால் உடல் முதலில் நிறுத்தி வைப்பது கருப்பையின் வேலையைத்தான்.

வைட்டமின் பி12 பற்றியும் அவர் சொன்னார். தாவர உணவில் அது நம்பத்தகுந்த அளவில் கிடையாது. பாலையும் தயிரையும் விட்டுவிட்டால் மாத்திரை போட்டே ஆக வேண்டும். கீரையிலிருந்து கிடைக்கும் போலேட், பி12 குறைவால் வரும் சோகையை மறைத்துவிடக்கூடும்; உள்ளே நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெடும். பாதம் மரத்துப்போனால் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மா கேட்டது

என் எடை குறைந்ததைப் பார்த்து அம்மாவுக்கும் ஆசை. அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை சரசரவென்று இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவர் அளவை மாற்றித் தராமல் தொடவே கூடாது. சிறுநீரக நோயாளிக்கு இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடுபவர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் குக்கர் மறுபடி விசிலடிக்கிறது. காலையில் ஒரு பழமும் ஊறிய நிலக்கடலையும். மதியம் தட்டில் பாதி கோசுமல்லி, ராமநவமிக்குப் பானகத்தோடு வருமே, அதே ஊறிய பாசிப்பருப்பும் வெள்ளரியும் தேங்காயும். யாழ்ப்பாணத்துத் தோழி சொல்லித்தந்த வல்லாரைச் சம்பல் வாரம் ஒரு நாள். அம்மா கடைசியாக அரை எலுமிச்சையைப் பிழிந்துவிடுவார். பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, கொட்டை விழுந்தாலும் பொறுக்கிக்கொண்டு இன்னொரு தடவை பிழிகிறார்.