தேவாலயத் தொல்லிடங்களும் மக்கள் பங்கேற்பு அகழாய்வும்

முன்னுரை

ஓர் ஊரின் தொன்மையை அவ்வூர் மக்களே தொல்லியலாளருடன் இணைந்து தேடிப் பதிவுசெய்யும் முறை மக்கள் பங்கேற்புத் தொல்லியல் எனப்படும். மண் அகழும் கூலிப் பணியில் உள்ளூரார் ஈடுபடுவது பெரும்பாலான அகழாய்வுகளில் உண்டு. எதைத் தேடுவது, எங்கே அகழ்வது, கிடைத்ததை எங்கே வைப்பது என்னும் முடிவுகளிலும் அவர்களுக்கு இடமளிப்பதே இம்முறையின் தனித்தன்மையாகும். தேவாலய வளாகங்களில் இதன் தேவை மிகுகிறது. அங்கு மண்ணுக்குள் துயில்வோர் பலர், அருகில் வாழ்வோரின் முன்னோர் ஆவர். இந்தியத் தேவாலயத் தொல்லிடங்கள் சில அகழப்பட்ட வரலாற்றின்வழி இத்தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

மயிலாப்பூரும் பரங்கிமலையும்

தூய தோமாவின் கல்லறை எனப் போற்றப்பட்ட இடத்தைப் போர்த்துக்கீசியர் 1523இல் மயிலாப்பூரில் தோண்டினர். எலும்புகளும் ஈட்டிமுனையும் மண் நிறைந்த கலமும் அங்குக் கிடைத்தன என அவர்தம் பதிவுகள் குறிப்பிடுகின்றன. பரங்கிமலையில் 1547இல் தேவாலயப் பணிக்காக நிலத்தைத் தோண்டியபோது, பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. இவ்விரண்டும் நம்பிக்கையின் பொருட்டு நிகழ்ந்த தோண்டல்கள். மண்ணடுக்குகளைப் பதிவுசெய்யும் முறை அக்காலத்தில் உருவாகவில்லை. எழுத்துடைய சிலுவை தன் சான்றைத் தன்னிடமே கொண்டிருந்தது. அதனால், 326 ஆண்டுகள் கழித்து, 1873இல் ஏ. சி. பர்னல் அதனை ஆராய இயன்றது. எழுத்தற்ற எலும்புகளுக்கோ அவை கிடந்த மண்ணடுக்கே சான்று. அவ்வடுக்கு ஒருமுறை கலைந்தபின் அதனை மீட்க இயலாது.

பழைய கோவாவின் மூன்று எலும்புகள்

பழைய கோவாவின் புனித அகுஸ்தீனார் தேவாலயம் 1835இல் கைவிடப்பட்டு, 1842இல் கூரை இடிந்து சிதைந்தது. ஷீராஸ் நகரில் 1624இல் கொல்லப்பட்ட ஜார்ஜிய அரசி கேதவனின் எச்சங்கள், இவ்வளாகத்தில் ஒரு சாளரத்தை ஒட்டிக் கற்பேழையில் வைக்கப்பட்டன எனப் போர்த்துக்கீசிய ஆவணங்கள் கூறின. ஜார்ஜிய நாட்டின் தொடர் வேண்டுகோளும் இவ்வாவணக் குறிப்பும் இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வுக்கு வழிகாட்டின. 2004இல் கிடைத்த எலும்பு ஒன்றினை ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் மரபணு ஆய்வுக்கு உட்படுத்தியது. அதன் தாய்வழி மரபுக்கூறு ஜார்ஜியரிடையே காணப்படுவது; ஒப்பிடப்பட்ட இந்திய மாதிரிகளில் காணப்படாதது. 2014இல் வெளியான அவ்வாய்வு, அவ்வெலும்பு ‘பெரும்பாலும்’ அரசியினுடையது என்னும் அளவோடு நின்றது. 2021 சூலையில் எச்சம் ஜார்ஜியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதே ஆய்வில் மேலும் இரு எலும்புகள் சோதிக்கப்பட்டன. அவற்றின் மரபுக்கூறுகள் தெற்காசியாவுக்கு உரியவை. தேடி வந்தவர்கள் இருந்தமையால் ஒன்று பெயர் பெற்றது. மற்ற இரண்டும், அரசியினுடையவை அல்ல என விலக்கும் ஒப்பீட்டுச் சான்றுகளாக அமைந்தன. கேட்போர் இருப்பதும் இல்லாததும் ஆய்வின் விடையைத் தீர்மானிக்கக் கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

கேட்போர் உருவான வரலாறு

இதற்கு மறுதலையான நிகழ்வு நியூயார்க்கில் நடந்தது. அங்கு 1991இல் அரசு அலுவலகக் கட்டடப் பணியின்போது ஆப்பிரிக்கரின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. தம் முன்னோரின் எலும்புகள் விரைந்து அகற்றப்படுவதை அந்நகரின் ஆப்பிரிக்க அமெரிக்கர் எதிர்த்தனர். அதன் பயனாக ஆய்வுப் பொறுப்பு ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இறந்தோரின் பிறப்பிடம், உழைப்பு, நோய் பற்றி அம்மக்கள் அறிய விரும்பியவை ஆய்வு வினாக்களாயின. 419 பேரின் எச்சங்கள் 2003இல் உரிய சடங்குகளுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. பெயரறியாதோரின் வாழ்க்கையும் ஆய்வுப்பொருளானமைக்கு மக்களின் பங்கேற்பே காரணம்.

தமிழகச் சூழல்

பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமமின்றி அகழ 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் இடந்தருவதில்லை. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையல் கிடைப்பின் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். எனவே மக்கள் தாமே அகழாய்வைத் தொடங்குவது முறையன்று. எனினும், அகழாய்வுக்கு முந்தைய பணிகள் பல அவர்களால் இயலும்.

அவற்றுள் முதலாவது கல்லறைக் கல்வெட்டுகளைப் படியெடுத்தல். ஜே. ஜே. காட்டன் 1905இல் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுப்பு பெரிதும் ஐரோப்பியரைச் சார்ந்தது. தமிழ்க் கல்லறை எழுத்துகளை ஊர்தோறும் தொகுக்கும் பணி எஞ்சியுள்ளது. இரண்டாவது, திருமுழுக்கு, அடக்கப் பதிவேடுகளை அக்கல்வெட்டுகளோடு ஒப்பிடுதல். மூன்றாவது, கல்லறைக் குழி வெட்டுவோரின் அறிவைப் பதிவுசெய்தல். பயன்பாட்டிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் வெட்டப்படும் ஒவ்வொரு குழியும் பதிவுபெறாத ஓர் அகழ்வே. எந்த ஆழத்தில் பழஞ்செங்கல் வரும், எங்கே ஓடு கிடைக்கும் என்பதைப் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்தவர் அக்குழி வெட்டுவோரே. பழைய ஆலயத்தை இடித்துப் புதியது எழுப்புமிடங்களில் கடைக்கால் குழிகளை ஒளிப்படம் எடுத்தும் அளந்தும் வைப்பது நான்காவது பணி.

முடிவுரை

மயிலாப்பூரில் மண்ணடுக்கு பதிவாகவில்லை. பழைய கோவாவில் ஆவணமும் அறிவியலும் இணைந்தபோதும், கவனம் தேடப்பட்ட ஒருவர் மீதே குவிந்தது. நியூயார்க்கில் மக்களின் வினாக்கள் ஆய்வின் எல்லையை விரித்தன. தேவாலயத் தொல்லிடத்தில் மக்களின் பங்கு அகழ்வுக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும் என்பதே இவற்றால் பெறப்படுகிறது. யார் எவரைத் தேடுகின்றனர் என்னும் வினா அகழ்வுக்கு முன்பே எழுமாயின், பெயரற்ற எலும்புகளும் வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறும்.