ஐந்து விளக்குகள், பதினைந்து துளைகள்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இரவு நேரத்தில் எதிரே வரும் பெரிய பிக்கப் வண்டிகளைக் கவனித்தால், கூரையின் முன்விளிம்பில் ஐந்து சிறு விளக்குகள் ஆரஞ்சு மஞ்சளாக வரிசைகட்டி எரிவது தெரியும். வருவது அகலமான வண்டி என்று நடுவிலுள்ள மூன்றும் சொல்கின்றன. அந்த அகலம் எதுவரை என்பதை ஓரங்களில் உள்ள இரண்டும் காட்டுகின்றன. 80 அங்குலம், அதாவது 2,032 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமுள்ள வண்டிகளுக்கு இத்தகைய விளக்குகள் கட்டாயம் என்கிறது அந்நாட்டின் மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 108. பின்பக்கம் இரட்டைச் சக்கரம் கொண்ட கனரகப் பிக்கப்கள் இந்த விளக்குகளோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன. அந்தத் தோற்றத்தில் மயங்கி, விதிப்படி தேவையே இல்லாத வண்டிகளிலும் கடையில் விளக்குகளை வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

மாட்டுவதற்குக் கூரையில் துளையிட வேண்டும். பொதுவாக ஒரு விளக்குக்குத் திருகுத் துளை இரண்டு, ஒயர் துளை ஒன்று. ஐந்து விளக்குக்குப் பதினைந்து. இத்தனை துளைகளையும் மழை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். கசிந்தால் உடனே கைக்குக் கிடைப்பது சிலிகோன் குழாய். விளக்கைச் சுற்றித் தடிமனாகப் பூசிவிடுவார்கள். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி ஒழுகும். பூச்சு போதாததால் அல்ல, நீர் எப்படி நுழைகிறது என்று பாராமல் பூசியதால்.

நீரை உள்ளே தள்ளும் நான்கு விசைகள்

முதலாவது புவியீர்ப்பு. சரிவில் இறங்கும் நீர் துளையைக் கண்டால் விழும். எல்லோருக்கும் தெரிந்த இந்த விசையை மட்டும் மனத்தில் வைத்துத்தான் பெரும்பாலோர் அடைக்கிறார்கள்.

இரண்டாவது நுண்புழை நுழைவு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, விளக்கின் அடித்தட்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கில் நீர் தானாகவே ஊர்ந்து ஏறும். இடுக்கு எவ்வளவு குறுகலோ, அவ்வளவு உயரம் ஏறும். நன்றாக நனையும் இரு தட்டுகளுக்கிடையே 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நீர் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். இடைவெளி 0.1 மில்லிமீட்டரானால் சுமார் 15 சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இடுக்கே அதிக ஆபத்தானது என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

மூன்றாவது காற்றின் அழுத்தம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியின் விளக்கு முகப்பில் மோதும் காற்று சுமார் 460 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. இது கிட்டத்தட்ட 47 மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். நின்றிருக்கும்போது ஒழுகாத வண்டி நெடுஞ்சாலை மழையில் ஒழுகுவது இதனால்தான்.

நான்காவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை: வெப்பம். வெயிலில் நின்ற வண்டியின் விளக்குக் கூட்டுக்குள் காற்று 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாகியிருக்கிறது என்று கொள்வோம். திடீர் மழை அதை 25 டிகிரிக்குக் குளிர்விக்கிறது. கூடு முழுதாக அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறையும். அந்தக் குறைவு 1.3 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். விளக்குப் பெட்டிகளில் அச்சிடப்படும் 'ஐபி67' என்ற தரம், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கிறது. சாதாரணக் கோடை மழையே அதைவிடக் கடுமையான உறிஞ்சலை உண்டாக்க முடியும். தவிர, அந்தத் தரம் விளக்குக்கு மட்டுமே. கூரையில் நாம் போட்ட துளைக்கு அது எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை.

எதை வைத்து அடைப்பது?

கூரை வளைவானது, விளக்கின் அடித்தட்டு பெரும்பாலும் தட்டையானது. இரண்டுக்கும் இடையே ஆப்பு வடிவ இடைவெளி விழும். அதை நிரப்ப அமுங்கி நிமிரும் பொருள் வேண்டும். மலிவான தொகுப்புகளில் வரும் திறந்த துளைப் பஞ்சு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூடிய துளை அமைப்புள்ள ஈபிடிஎம் ரப்பர் உறிஞ்சாது. வெயிலையும் ஓசோனையும் தாங்கும்.

அந்த ரப்பருக்குத் துணை பியூட்டைல் டேப். இது காய்ந்து இறுகுவதே இல்லை. எப்போதும் ஒட்டும் மாவாகவே இருக்கும். அதுவே இதன் பலம். விளக்கின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், எஃகைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் வெப்பத்தில் விரியும். 20 சென்டிமீட்டர் நீள விளக்கில் 50 டிகிரி மாற்றத்துக்கு இந்த வேறுபாடு அரை மில்லிமீட்டரைத் தாண்டும். நாள்தோறும் இப்படி இழுபடும் இணைப்பில் இறுகிப்போன பசை விரிசல் விடும்; பியூட்டைல் கூடவே நகரும்.

சிலிகோனும் நல்ல பொருள்தான். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த அதன் முதுகெலும்பை வெயில் எளிதில் சிதைக்காது. ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வகைகள் பல, காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வினிகர் வாசனை வந்தால் அந்த வகை என்று அறியலாம். புதிதாகத் துளைத்த வெற்று உலோகத்தின்மேல் அமிலம் பட்டால் துரு வேகமெடுக்கும். அமிலம் வெளியிடாத 'நியூட்ரல் க்யூர்' வகையே இங்கே ஏற்றது. இன்னொன்று: சிலிகோன் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் காய்கிறது. அகலமான தட்டுக்கு அடியில் பூசினால் ஓரம் மட்டும் காய்ந்து நடுப்பகுதி நாள்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். ஆகவே தட்டுக்கு அடியில் பியூட்டைல், ஓரத்துக்குச் சிலிகோன் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

திருகை இறுக்கிக்கொண்டே போவதும் தவறு. கூரைத் தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிகம் இறுக்கினால் திருகைச் சுற்றித் தகடு குழிந்து நீர் தேங்கும். இரு திருகுகளுக்கு நடுவே அடித்தட்டு மேலெழும்பி வழிவிடும். ரப்பர் ஒரே சீராக அமுங்கியதும் நிறுத்த வேண்டும்.

துளையின் விளிம்பு

டிரில் முனை துத்தநாகப் பூச்சையும் பெயின்ட்டையும் அறுத்துக்கொண்டுதான் இறங்குகிறது. விளிம்பில் வெற்று எஃகு வெளிப்படும். அங்கே துரு பிடித்தால் பெயின்ட் உப்பிக் கழன்று, மேலே ஒட்டிய சீலன்ட்டையும் தூக்கிவிடும். அதனால் துளையிட்டதும் பிசிறை அரத்தால் ராவி, உலோகத் தூளைத் துடைத்தெடுத்து, விளிம்புக்குப் பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காயவிட்ட பிறகே விளக்கை வைக்க வேண்டும்.

ஃபோர்டு எஃப்-150 வண்டியின் உடல் 2015 மாடலிலிருந்தும், சூப்பர் டியூட்டியின் உடல் 2017 மாடலிலிருந்தும் அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு தொட்டு, இடையே உப்பு நீரும் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும், கரைவது அலுமினியம். குளிர்காலத்தில் சாலைகளில் உப்பு தூவும் மாநிலங்களில் இது உண்மையான ஆபத்து. திருகுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் வாஷரும் சீலன்ட்டும் இருந்தால் அந்தச் சுற்று முழுமை பெறாது.

வெளியேறவும் வழி

முழுச் சுற்றையும் காற்றுப் புகாமல் பூசிவிட்டால் நான்காவது விசைக்கு நாமே இரையாகிறோம். உள்ளே போன ஈரம் வெளியே வரவும் முடியாது. இதற்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஒயர் துளையையும் திருகுத் துளைகளையும் சுற்றி, அடித்தட்டுக்கும் கூரைக்கும் இடையே, எங்கும் அறுபடாத முழு அடைப்பு. ஒயர் துளைக்குள் ரப்பர் வளையம். ஆனால் வெளி மூடிக்குச் சரிவின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு சிறு வடிகால் இடைவெளி. மூடிக்குள் சேரும் நீர் அதன் வழியாக வடிந்துவிடும், காற்றும் போய்வரும்.

நல்ல விளக்குகளில் இதையே ஒரு சவ்வு செய்கிறது. 1969இல் ராபர்ட் கோர் கண்டறிந்த, இழுத்து விரிக்கப்பட்ட பிடிஎஃப்இ என்ற பொருளால் ஆனது அது. அதன் நுண்துளைகள் காற்றையும் ஆவியையும் விடும், நீர்த்துளியை விடாது. நனையும் இடுக்கில் நீரை உள்ளே இழுத்த அதே பரப்பு இழுவிசை, நனையாத இந்தச் சவ்வில் நீரைத் தடுக்கிறது.

எங்கே ஒழுகுகிறது?

ஈரம் தெரியும் இடம் பெரும்பாலும் கசியும் இடமல்ல. கூரைத் தகட்டின் அடியில் ஓடும் நீர், முன்தூண் வழியாக இறங்கிக் கால்விரிப்பில் தேங்கும். போகும் வழியில் ஒயர் இணைப்புகளையும் ஃபியூஸ் பெட்டியையும் நனைக்கும். கண்ணாடி ரப்பரைக் குறைகூறிச் செலவழிப்பவர்கள் உண்டு. கூரையின் பின்புறம் உள்ள மூன்றாவது பிரேக் விளக்கின் கேஸ்கெட்டும் சந்தேகத்துக்கு உரியதே.

எளிய சோதனை ஒன்று உண்டு. கதவுகளையும் ஜன்னல்களையும் மூடி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். விளக்கைச் சுற்றி வெளியே சோப்பு நீர் தடவுங்கள். குமிழி கிளம்பும் இடமே ஓட்டை.

கூரையைத் துளைக்கும் முன் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும்: பல வண்டிகளில் கூரையின் பக்கவாட்டு விளிம்பு நெடுக, உள்ளே திரைக் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. உள்கூரையை இறக்கி அவை எங்கே ஓடுகின்றன என்று தெரிந்துகொள்ளாமல் டிரில்லைத் தொடாதீர்கள். பிறகு விளிம்புக்குப் பெயின்ட், தட்டுக்கு அடியில் பியூட்டைல், தாழ்ந்த ஓரத்தில் வடிகால் என்ற மூன்றையும் வரிசை மாறாமல் செய்யுங்கள். இதற்குப் பொறுமை இல்லையென்றால், துளையே போடாமல் இருப்பதுதான் அந்த வண்டிக்கு நீங்கள் செய்யும் நன்மை.