பண்பாட்டுப் பூங்கா குழந்தைகளின் பூங்காவாக வேண்டும்

பண்பாட்டுப் பூங்கா என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது சிமெண்டுச் சிலைகளே. ஏர் பிடித்த உழவர் ஒருவர், நெல் குற்றும் பெண்கள் இருவர், பானை வனையும் முதியவர் ஒருவர். சுற்றிலும் கம்பி வேலி. வேலியிலே 'தொடாதீர்கள்' என்றொரு பலகை. திறப்பு விழாவன்று ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. அடுத்த வாரம் குழந்தைகள் ஒரு முறை சுற்றி வருகிறார்கள். அதன் பின்னர் அவர்கள் நாடுவது வேலிக்கு வெளியே குவிந்து கிடக்கும் மணலைத்தான். பொதுப் பணம் சிலைகளில் முடங்கிக் கிடக்க, பூங்காவில் புல் முளைக்கிறது.

குற்றம் குழந்தைகளுடையதன்று. குழந்தை கண்ணால் மட்டும் கற்பதில்லை. கையால் கற்கிறது, காலால் கற்கிறது, மூக்காலும் நாவாலும் கற்கிறது. மணலைத் தொடலாம், குவிக்கலாம், கலைக்கலாம். சிலையை ஒன்றும் செய்ய இயலாது. எனவே ஊரிலே ஒரு பண்பாட்டுப் பூங்கா அமைக்க எண்ணும் பஞ்சாயத்து முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "இங்கே எதைக் காட்டுவது?" என்பதன்று, "இங்கே குழந்தை என்ன செய்யும்?" என்பதேயாகும்.

முன்னோர் கண்ட வழி

இக்கருத்து புதியதன்று. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், ஆர்தூர் ஹசேலியஸ் என்னும் அறிஞர் 1891-ஆம் ஆண்டில் 'ஸ்கான்சன்' என்ற திறந்தவெளிக் காட்சிச்சாலையை நிறுவினார். ஆலைத் தொழில் பெருகி, பழைய கிராம வாழ்க்கை மறைந்து வருவதைக் கண்டு கவலையுற்றவர் அவர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பினார். வீடுகளை வெறுமையாக விட்டுவிடவில்லை என்பதே அவருடைய சிறப்பு. அக்கால உடையணிந்த மனிதர்கள் அவற்றிலே இருந்து, அக்காலத் தொழில்களைச் செய்து காட்டும் முறை அங்கே வேரூன்றியது. இன்றும் அங்கே குடும்பங்கள் குழந்தைகளுடன் செல்கின்றன.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், சுமார் 10 ஏக்கர் நிலத்தில், 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது தட்சிணசித்ரா. 1984-இல் தோன்றிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பு இதனை நடத்தி வருகிறது. தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழைய வீடுகள் பிரித்து எடுத்து வரப்பட்டு, மரம் மரமாக, கல் கல்லாக இங்கே மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளன. பள்ளிப் பிள்ளைகள் அவ்வீடுகளுக்குள் நுழைந்து பார்ப்பதோடு, கைவினைஞரின் அருகே அமர்ந்து தாமும் செய்து பார்க்கிறார்கள்.

இத்தகைய பெரிய வீடுகளைக் கிராமப் பஞ்சாயத்து விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. பிரித்துக் கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை. நகரம் தேடி அலைந்து சேர்க்கும் பொருள்களும், அவற்றைக் கையாளத் தெரிந்த பெரியோரும் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஒரு நிழல் மரமும், நான்கைந்து ஓலைக் கொட்டகைகளும், அறிந்த கைகள் சிலவும் போதும்.

ஐந்து கொட்டகைகள்

முதலாவது, மண் கொட்டகை. திருகை ஒன்றும், பிசைந்த களிமண்ணும், அதனை அறிந்த குயவரும் இருந்தால் நிறைவு. சிறு பிள்ளைகள் திருகையின்றி கையாலேயே அகல் செய்யலாம். செய்த அகலை உடனே கொடுத்துவிடாமல், பெயர் கீறி, உலர்த்தி, சூளையில் சுட்டு, பின்னொரு நாள் வந்து பெற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும். தன் அகல் வெந்ததா வெடித்ததா என்று பார்க்கும் ஆவலே குழந்தையை மறுமுறையும் பூங்காவுக்கு அழைத்து வரும்.

இரண்டாவது, தானியக் கொட்டகை. நெல், தினை, சாமை, வரகு, கேழ்வரகு ஆகியவற்றைச் சிறு பானைகளில் நிரப்பி, கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்லச் செய்யலாம். பக்கத்திலே பழைய அளவைகள் இருக்கட்டும். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. 8 படி 1 மரக்கால். இதனை வாய்ப்பாடாக ஒப்பிக்கச் சொன்னால் பிள்ளை கொட்டாவி விடும். ஆழாக்கைக் கையில் கொடுத்து, "இந்தப் படி நிறைய எத்தனை தடவை கொட்ட வேண்டும்? முதலில் ஊகித்துச் சொல்" என்றால், எட்டாவது ஆழாக்கு விளிம்பைத் தொடும்போது அது கை தட்டும்.

மூன்றாவது, ஏற்றக் கொட்டகை. மின்சார இறைவை வந்த பின் ஏற்றத்தைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் அரியர். கிணறு இதற்கு வேண்டா. மூன்றடி உயரமுள்ள தூணில் ஆறடிக் கழியை அச்சாணியிட்டுப் பொருத்தி, ஒரு முனையில் சிறு சாலும், மறுமுனையில் மணல் மூட்டையும் கட்டி, அரையடி ஆழமுள்ள தொட்டி ஒன்றை வைத்தால் போதும். முதலில் கயிற்றால் கையாலே நீரைத் தூக்கட்டும். பின்னர் ஏற்றத்தால் தூக்கட்டும். மூட்டையை அச்சிலிருந்து தள்ளிக் கட்டக் கட்ட, சால் இலேசாக எழும். பள்ளியிலே நெம்புகோல் என்று படிப்பதனைப் பிள்ளை தன் தோளால் அறிந்துகொள்கிறது. பாட்டன் நாள்தோறும் எத்தனை சால் இறைத்திருப்பார் என்னும் கேள்வி அதன் மனத்தில் தானே எழும். பண்பாடு என்று நாம் போற்றுவதன் பெரும்பகுதி இத்தகைய உழைப்பே அல்லவா?

நான்காவது, விளையாட்டுத் திண்ணை. ஆடு புலி ஆட்டத்தின் கோடுகளைத் தரையிலேயே கீறிவிடலாம். 3 புலிகளும் 15 ஆடுகளும் கொண்ட ஆட்டம் இது. நம் கோயில்கள் சிலவற்றின் கல்தரையிலும் இதன் கோடுகளைக் காணலாம். வலிமையுள்ள புலியைப் பல ஆடுகள் கூடி மடக்கும் சூழ்ச்சி இதன் உயிர். பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகள். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் எதிரே ஆட ஒரு பாட்டியோ தாத்தாவோ அமர வேண்டும். பாட்டியைத் தோற்கடிப்பதைவிடப் பேரப்பிள்ளைக்குப் பெரிய இன்பம் வேறில்லை.

ஐந்தாவது, கூத்துக் கொட்டகை. கிரீடம் சூட்டி, முகத்தில் வண்ணம் தீட்டி, இரண்டு அடவுகள் சொல்லிக் கொடுக்க ஒரு கூத்துக் கலைஞர்; பறையில் மூன்று அடி கற்றுத்தர ஒரு பறை ஆசிரியர். பறையைத் தீயருகே காட்டினால் தோல் இறுகி ஒலி கூர்மை பெறுவதைக் குழந்தை காதால் அறியட்டும். வெகுநேரம் உட்கார்ந்து ஒரு கூத்தைப் பார்ப்பது சிறுவர்க்கு அரிது. அரை நாழிகை தானே ஆடிய பிள்ளை, பின்னர் திருவிழாவிலே விடியும்வரை கண் விழித்துப் பார்க்கும்.

காத்திருப்பே பகை

குழந்தையின் மகிழ்ச்சிக்குப் பெரும் பகை காத்திருத்தல். 40 பிள்ளைகளை ஒரே திருகையின் முன் நிறுத்தி, ஒருவருக்கு 3 நிமிடம் கொடுத்தால் 2 மணி நேரம் ஆகும். ஒரு பிள்ளை 3 நிமிடம் வனையும். எஞ்சிய 117 நிமிடமும் வரிசையில் நின்று அடுத்த பிள்ளையைக் கிள்ளும். அதே 40 பேரை எட்டெட்டுப் பேராக 5 குழுக்களாக்கி, 5 கொட்டகைகளுக்கும் அனுப்பினால், ஒரு குழு ஒரு கொட்டகையில் 24 நிமிடம் இருக்கலாம். அதற்குள் எட்டுப் பேரும் திருகையில் 3 நிமிடம் அமர்ந்துவிடுவர். முறை வராதவர் அருகே அகல் செய்துகொண்டிருப்பர். ஐந்து கொட்டகையும் சுற்றி முடிக்க ஆவது அதே 2 மணி நேரம். ஒரு பைசாச் செலவின்றி, ஒழுங்கு ஒன்றினாலேயே சலிப்பு மகிழ்ச்சியாக மாறுகிறது.

பலகைகளைப் பற்றியும் ஒரு சொல். நீண்ட வரலாற்றைப் பெரியோர் கண்ணுயரத்தில் எழுதி வைப்பதால் பயனில்லை. பலகை மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். செய்தி சொல்வதைவிடக் கேள்வி கேட்கட்டும். "இந்த உலக்கையின் முனையில் இரும்புப் பூண் எதற்கு?" என்ற ஒரு வரி, பத்து வரி விளக்கத்தைவிடப் பிள்ளையை நீண்ட நேரம் நிறுத்தும்.

யாருடைய பண்பாடு?

இனி, பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய ஒன்று உண்டு. பண்பாடு என்ற பெயரால் ஊரின் ஒரு தெருவை மட்டும் காட்டி, மற்றொரு தெருவை மறைத்துவிடும் தீங்கு எளிதில் நேரும். பழைய வீடுகளைச் சாதிப் பெயரிட்டு வரிசைப்படுத்தினால், நாம் ஒழிக்கப் பாடுபடும் வேற்றுமையைக் குழந்தைகளுக்குப் பாடமாகக் கற்பிப்பவர்களாவோம். வீட்டுக்குப் பெயர் வேண்டுமானால் 'நெசவு வீடு', 'உழவு வீடு' எனத் தொழிலால் அமையட்டும்.

மண் பிசைபவரும், பறை முழக்குபவரும், நாற்று நட்டுக்கொண்டே பாடும் தாய்மாரும் இப்பூங்காவில் வேடிக்கைப் பொருள்கள் அல்லர், ஆசிரியர்கள். அவர்களுக்கு நாற்காலி உண்டு. 'ஐயா', 'அம்மா' என்ற விளி உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவான நாளூதியம் உண்டு. அவ்வூதியம் திருவிழா அன்பளிப்பைப் போலன்றி, வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்பட்ட உரிமையாக இருக்க வேண்டும். எட்டுப் பேர் கொண்ட குழுவில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்திருக்கட்டும். பெண் பிள்ளைகள் ஏற்றம் இறைக்கட்டும். ஆண் பிள்ளைகள் உலக்கை பிடிக்கட்டும். பறை ஆசிரியரை 'ஐயா' என்று அழைத்து அவரிடம் தாளம் கற்ற பிள்ளை, பெரியவனான பிறகு அவரை இழிவாகப் பேச நாக்கூசும். பூங்காவினால் ஊர் அடையக்கூடிய பெரும்பயன் இதுவேயாகும்.

உழவர்கள் செய்யத்தக்கது

பூங்காவின் ஓரத்தில் 1 சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி நிலத்தைப் பிள்ளைகளின் வயலாக ஒதுக்கலாம். தண்ணீர் உள்ள ஊரில் ஆடுதுறை 36 போன்ற குறுகிய கால நெல் சுமார் 110 நாளில் விளைந்துவிடும். மானாவாரி ஊரில் சாமை பயிரிடலாம். விதைத்த பிள்ளைகளே களையெடுத்து, அறுத்து, புடைத்து, அந்தத் தானியத்தையே தானியக் கொட்டகைப் பானையில் நிரப்பட்டும். வழிகாட்ட ஓர் உழவர் வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

மாதந்தோறும் பூங்கா சிறிது மாறுவதும் நலம். ஆடியில் விதை நேர்த்தி, மழை நாளில் மண் காயாதாகையால் பனையோலை முடைதல், மார்கழியில் கோலம், தையில் புதுப்பானைப் பொங்கல். சிலை மாறாது, ஊரின் வாழ்க்கை மாறிக்கொண்டே இருப்பது. அதனைத் தொடர்ந்து செல்லும் பூங்காவுக்குக் குழந்தைகள் திரும்பத் திரும்ப வருவர்.

மறக்கலாகாதவை

மகிழ்ச்சிக்கு அடித்தளம் வசதியும் பாதுகாப்புமே. நிழல், குடிநீர், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பிடம், சக்கர நாற்காலி செல்லும் சமனான பாதை, முதியோர் அமரத் திண்ணை ஆகிய இவை முதலில். அலங்கார வளைவு பின்னரே. திறந்த கிணறு இருந்தால் மூடியிட வேண்டும். உலக்கை பிள்ளைகளின் கைக்கேற்பச் சிறியதாகவும், அரிவாள் பெரியோர் கண்காணிப்பிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கொட்டகையிலும் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் அவசியம்.

திட்டத்தைக் கிராம சபையில் வைக்கும்போது பணம் எங்கே செல்கிறது என்பதை ஒரு முறை கூர்ந்து நோக்குங்கள். கட்டிடத்துக்கு எவ்வளவு, மனிதருக்கு எவ்வளவு என்று இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். மனிதர் பத்தி வெறுமையாக இருந்தால், அத்திட்டத்தைத் திருத்தி எழுதுவதே நலம். கிராம சபைக்கு முன் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி, "உங்களுக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டறிவதும் பயன் தரும்.

சிலையை அடுத்த ஆண்டும் செய்யலாம். அதற்கு அடுத்த ஆண்டும் செய்யலாம். ஏற்றம் இறைத்த கையும், ஆடு புலி ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்த மூளையும், நடவுப் பாட்டு மறவாத நாவும் நமக்காகக் காத்திரா. அவர்கள் நம்மிடையே உள்ள இந்நாளிலேயே அவர்களுக்கு அருகில் ஒரு குழந்தையை உட்கார வைப்போமாக. பூங்கா என்பது அந்த இருவர் அமரும் நிழலேயன்றி வேறன்று.