அடுக்குமாடி வீட்டுக்கு எந்தக் கிளி?

கிளி விற்கும் கடைக்கு முதல்முறை வருபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, இது பேசுமா?" கடைக்காரரும் தயங்காமல் சொல்வார், "பழக்கினா நல்லாப் பேசும்." அந்த ஒரு பதிலை நம்பி வாங்கிச் செல்லப்படும் பறவைகளில் பல, சில மாதங்களிலேயே பால்கனி மூலைக்குத் தள்ளப்படுகின்றன. விடிந்தும் விடியாததுமாகக் கத்துகிறது, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார், கையை நீட்டினால் கொத்துகிறது, கூடம் முழுக்க இறகும் உமியும் பறக்கிறது என்று புகார்கள் வரிசையாக வரும். அதில் பறவையின் தவறு எதுவுமில்லை. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்தக் கிளியை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறதா? எவ்வளவு சத்தம் போடும்? எத்தனை ஆண்டு வாழும்? பகலில் அதனோடு வீட்டில் யார் இருப்பார்கள்? பேசுமா என்பதை இவற்றுக்குப் பிறகு கேட்டால் போதும்.

பச்சைக்கிளி கூடாது

தமிழ்நாட்டில் கிளி என்றதும் நினைவுக்கு வருவது சிவந்த மூக்குள்ள பச்சைக்கிளி. அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட கிளிகளுக்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பச்சைக்கிளி, அதைவிடப் பெரிய அலெக்சாண்டரைன் கிளி, செந்தலைக்கிளி ஆகியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் அடைப்பதும் தண்டனைக்குரியவை. மரத்திலிருந்து விழுந்த குஞ்சை இரக்கப்பட்டு எடுத்து வளர்த்தாலும் சட்டம் மாறாது. அப்படிக் கிடைத்த குஞ்சை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியரின் கிளி, வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது. அந்தக் காட்சி ஊரெல்லாம் பரவியதும் வனத்துறையினர் ஜோசியரைப் பிடித்தார்கள். கிளிகளைப் பறிமுதல் செய்துகொண்டு, அவரை எச்சரித்து அனுப்பினார்கள். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மரப்பொந்துகளிலிருந்து பறித்தெடுக்கப்படும் குஞ்சுகளில் பல, சந்தைக்கு வந்து சேரும் முன்பே இறந்துபோகின்றன.

பச்சைக்கிளி மீது ஆசை தீராதவர்களுக்குச் சென்னை ராயப்பேட்டையில் ஒரு முன்மாதிரி உண்டு. கேமரா பழுதுபார்க்கும் தொழில் செய்த சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு தன் மொட்டை மாடியில் பறவைகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். நாளடைவில் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் அங்கே வந்து இறங்கின. ஒன்றுகூடக் கூண்டில் இல்லை.

வெளிநாட்டுக் கிளிகளுக்கும் சட்டம் உண்டு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல், 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக நம் சட்டத்துக்குள் வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள பறவையை வைத்திருப்பவர் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. பட்ஜி, காக்டெயில், பீச் ஃபேஸ் லவ்பேர்ட் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. கான்யூர், ஃபிஷர் லவ்பேர்ட், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் எல்லாம் இருக்கின்றன. பதிவுக் காகிதம் காட்டாமல் இவற்றை விற்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

பெரிய கிளிகளின் பெரிய தேவைகள்

பேசும் கிளி என்றால் முதலிடம் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குத்தான். அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, நூறு சொற்கள் அளவுக்குக் கற்றது. நிறத்தையும் வடிவத்தையும் பிரித்துச் சொன்னது, சிறு எண்ணிக்கைகளை எண்ணியது. 2007இல் அது இறந்தபோது உலக நாளிதழ்கள் செய்தி வெளியிட்டன. ஆனால் அலெக்ஸோடு ஆய்வகத்தில் நாள் முழுக்க மனிதர்கள் இருந்தார்கள். அவ்வளவு அறிவுள்ள பறவையைக் காலை எட்டரைக்குப் பூட்டிவிட்டு இரவு ஏழுக்குத் திரும்பும் வீட்டில் வைத்தால், அது தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும் பறவை அது. நாற்பது வயதில் வாங்குபவர், தனக்குப் பின் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இப்போதே யோசிக்க வேண்டும். காட்டிலிருந்து ஏராளமாகப் பிடிக்கப்பட்டதால், 2017 முதல் சைட்டிஸின் மிகக் கடுமையான பட்டியலில் அது இருக்கிறது.

மக்காவும் காக்கட்டூவும் அடுக்குமாடிக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரு மாடியில் அவை கத்தினால் மூன்று மாடிக்குக் கேட்கும். மஞ்சளும் ஆரஞ்சும் மின்னும் சன் கான்யூரின் அழகில் மயங்கி வாங்குபவர்கள் நிறையப் பேர். உள்ளங்கையில் அடங்கும் உடல்தான், ஆனால் அதன் கத்தல் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் இடத்தில் அதை வைப்பது அண்டை வீட்டுக்கும் அநியாயம், பறவைக்கும் அநியாயம். கத்துவது அதன் இயல்பு. அதை அதட்டி நிறுத்த முடியாது.

தொடங்க ஏற்றவை

பட்ஜி: பல்லாவரம் சந்தையிலும் தெருமுனைக் கடைகளிலும் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கப்படும் சின்னக் கிளிகள் பெரும்பாலும் இவைதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் பெருங்கூட்டமாகப் பறக்கும் இனம். பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பதினெட்டு சென்டிமீட்டர் நீளம், முப்பது முதல் நாற்பது கிராம் எடை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து முதல் பத்து ஆண்டு ஆயுள். நாள் முழுக்கக் கலகலவென்று ஒலி எழுப்பும், ஆனால் அலறாது. சின்னப் பறவைக்கு என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் வாழ்ந்த பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்கள் அறிந்திருந்ததாகக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்திருக்கிறது. மூக்குத் துவாரங்களைச் சுற்றியுள்ள தசை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். இளங்குஞ்சுகளிலும் சில வெளிர்நிற வகைகளிலும் இந்த அடையாளம் தெளிவாக இருக்காது.

காக்டெயில்: இதுவும் ஆஸ்திரேலியப் பறவைதான். தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல், எடை நூறு கிராமுக்குள். பதினைந்து முதல் இருபது ஆண்டு வாழும். தோளில் உட்கார்ந்துகொண்டு தலையைக் குனிந்து வருடச் சொல்லும் அளவுக்குச் சாது. ஆண் காக்டெயில் பேசுவதைவிட விசிலில் கெட்டி. பாட்டு மெட்டுகளைக் கேட்டுப் பழகித் திருப்பி விசிலடிக்கும். இரண்டு விஷயங்கள் மட்டும் கவனத்தில் இருக்க வேண்டும். இதன் இறகிலிருந்து வெள்ளைப் பொடி நிறைய உதிரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வேண்டாம். இருட்டில் திடீர் ஓசை கேட்டால் மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். இரவில் ஒரு சின்ன விடிவிளக்கு எரிந்தால் அந்தப் பயம் குறையும்.

லவ்பேர்ட்: ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, குட்டை வால் கொண்ட உண்மையான லவ்பேர்ட் இது. அழகும் துணிச்சலும் சுறுசுறுப்பும் நிறைந்தது. அலகு வலிமையானது, கொத்தினால் ரத்தம் வரும். குரல் கீச்சென்று காதைக் குத்தும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு முதல் பறவையாக இது ஏற்றதல்ல.

கிரீன் சீக் கான்யூர்: தென் அமெரிக்கப் பறவை. கான்யூர்களில் சத்தம் குறைந்தது இதுதான். விளையாட்டுப் புத்தி அதிகம், மனிதரோடு ஒட்டிக்கொள்ளும். இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். தினமும் கூண்டுக்கு வெளியே சில மணி நேரம் கொடுக்க முடிந்தவர்கள், பதிவு வேலைகளையும் முடித்து இதை வாங்கலாம்.

ஒன்றா, இரண்டா?

கிளிகள் கூட்டமாக வாழப் பிறந்தவை. பகலில் ஆளில்லாத வீட்டில் ஒற்றைப் பறவை தவித்துப்போகும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடென்றால் இரண்டு பட்ஜி வாங்குவது நியாயம். அவை ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும், மனிதரிடம் நெருக்கம் சற்றுக் குறையலாம். இரண்டும் ஆணாக இருந்தால் குஞ்சு பொரிக்கும் கவலையில்லை. ஆண் பெண் ஜோடியென்றால் கூண்டில் பானை வைக்காதீர்கள். பானை இருந்தால் முட்டையிடத் தூண்டுதல் கூடும்.

இறகு முளைக்காத குஞ்சை வாங்கி சிரிஞ்சில் கஞ்சி ஊட்டினால்தான் பறவை கைக்குப் பழகும் என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். புதியவர் அந்த வேலையில் இறங்கக் கூடாது. கஞ்சி கொஞ்சம் சூடாக இருந்தாலும் குஞ்சின் தீனிப்பை வெந்துவிடும். வழி மாறி மூச்சுக்குழலுக்குள் போனால் அப்போதே உயிர் போகும். தானாகத் தின்னக் கற்ற, மனிதக் கையைப் பார்த்துப் பழகிய இளம் பறவையே சரி. கண் தெளிவாக, மூக்கு உலர்ந்து, ஆசனவாய்ப் பக்க இறகு சுத்தமாக இருக்க வேண்டும். கூண்டின் ஓரத்தில் சிலிர்த்து உட்கார்ந்து பகலிலேயே தூங்கும் பறவையைப் பாவம் என்று எடுத்து வராதீர்கள்.

கூண்டும் தீனியும்

கூண்டுக்கு உயரத்தைவிட அகலம் முக்கியம். கிளி கிடையாகப் பறக்கும் பறவை. உள்ளே இரண்டு மூன்று சிறகடிப்புக்காவது இடம் வேண்டும். பட்ஜிக்குக் கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டினால் தலை மாட்டிக்கொள்ளும். வட்டக் கூண்டு பார்க்க அழகு, பறவைக்கு உதவாது. கடையில் தரும் ஒரே அளவுப் பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு, தடிமன் மாறி மாறி வரும் கொய்யா, வேப்பங்கிளைகளைக் கழுவி மாட்டினால் காலில் புண் வராது. கூண்டைக் கூடத்தில், ஒரு பக்கம் சுவரையொட்டி, கண் உயரத்தில் வைக்க வேண்டும். பால்கனியில் வைத்தால் சித்திரை வெயிலும் காகமும் பூனையும் விட்டுவைக்காது.

தினை மட்டுமே தின்னும் கிளிக்குக் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும், ஈரல் கெடும். தினை, கம்பு, சாமையோடு தினமும் முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், முளைகட்டிய பச்சைப்பயறு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முதலில் தொடவே தொடாது. சலிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தால் பழகிவிடும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், உப்பு போட்ட முறுக்கு, அப்பளம் எதுவும் ஆகாது.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகள்

பறவையின் நுரையீரல் மூச்சுக் காற்றிலுள்ள எதையும் மிக வேகமாக உறிஞ்சும். அதனால்தான் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை அறிய 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தார்கள். நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் விட்டு அது கடுமையாகச் சூடேறினால், அதன் பூச்சிலிருந்து எழும் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். மனிதருக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். கிளி இருக்கும் வீட்டில் இரும்பு, எவர்சில்வர் பாத்திரங்களே பாதுகாப்பு. கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் பறவை இருக்கும் அறையில் வேண்டாம்.

இந்திய வீட்டுக்கே உரிய இன்னொரு எமன் சீலிங் ஃபேன். பறவையை வெளியே விடும் நேரம் முழுக்க ஃபேன் நின்றிருக்க வேண்டும், ஜன்னலுக்கு வலை அடித்திருக்க வேண்டும். ஐந்தாம் மாடியிலிருந்து ஒருமுறை வெளியே பறந்த பட்ஜி திரும்பி வருவது அரிது.

நோயை மறைப்பது கிளியின் பிறவிக்குணம். நோஞ்சான் என்று தெரிந்தால் வேட்டைக்கு இலக்காகிவிடும் என்பதால், காட்டில் அது உயிர் காக்கும் வழி. வீட்டில் அதே குணம் உயிரை வாங்கும். அறிகுறி கண்ணில் படும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தால், இறங்கும் எடையே முதல் எச்சரிக்கை தரும். எல்லாக் கால்நடை மருத்துவரும் கிளி பார்ப்பதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். கிளியின் எச்சத் தூசியிலிருந்து சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் தொற்று மனிதருக்கும் வரும். கூண்டுத் தாளைத் தினமும் மாற்றுவது, தட்டை ஈரத்துணியால் துடைப்பது, பிறகு கையைக் கழுவுவது ஆகியவை அந்த ஆபத்தைக் குறைக்கும்.

பகலில் ஆளில்லாத வீட்டுக்கு இரண்டு பட்ஜி, தாத்தா பாட்டியோ வீட்டிலிருந்து வேலை செய்பவரோ உள்ள வீட்டுக்கு ஒரு காக்டெயில் என்பதே அடுக்குமாடியில் தொடங்குபவர்களுக்கு ஏற்ற தேர்வு. வாங்குவதற்கு முன் ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கூண்டை வாங்கி வையுங்கள், மருத்துவரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லாரிடமும் சம்மதம் கேளுங்கள். வெளியூர் போகும் நாட்களில் தீனி வைக்க ஒருவரைப் பேசி வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு கடைக்குப் போங்கள்.